அஞ்சடிக்கு ஏற்ற தூளி

பினாங்கு ஜார்ஜ் டவுன் கடைத்தெருவுக்குத் தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போய் வந்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். லெபோ பாசாரில் மளிகை வாங்கிவிட்டு, லெபோ குவீனில் மகா மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, லெபோ பினாங்கில் சேலை பார்த்துவிட்டு வருவது பெரிய நடையே இல்லை. ஆனால் அஞ்சடி என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கடைமுன் நடைபாதை, கடைக்குக் கடை ஓர் உயரம். ஒரு வாசலில் படி ஏறும், அடுத்த வாசலில் இறங்கும். இடையில் வெங்காய மூட்டை, பூக்கடை வாளி, சேலை சுற்றிய பொம்மை, யாரோ நிறுத்திவிட்டுப் போன மோட்டார் சைக்கிள். அஞ்சடியை விட்டு ரோட்டில் இறங்கினால் சாமான் இறக்கும் லாரி. 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கடைவீடுகளை உலக மரபுச் சொத்து ஆக்கியது. வீடுகளோடு சேர்ந்து படிகளும் பிழைத்துக்கொண்டன.

இந்தத் தெருக்களுக்குப் பின்னால் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் பெண் ஒருவருக்கு 2023-ன் நடுவில் தலைப்பிள்ளை பிறந்தது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் மலேசியாவில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக ஏறியிருந்தது. அப்பாக்களுக்கும் முதன்முறையாக 7 நாள் சட்டப்படி கிடைத்தது. விடுப்பு நீண்டதால் வெளியே போகும் ஆசையும் நீண்டது. வீட்டில் இருந்த தள்ளுவண்டி ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் லிஃப்ட் வரைக்கும் கம்பீரமாக வரும். அதற்கு மேல் அதைத் தூக்கிக்கொண்டு போவதா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதா என்ற கேள்வி வந்துவிடும். சில வாரங்களில் வண்டி கதவுக்குப் பின்னால் போய், துண்டு காயப்போடும் கம்பியாக மாறிவிட்டது.

பிள்ளையை உடம்போடு கட்டிக்கொள்வது என்று முடிவானபோது, எதில் கட்டுவது என்பது இரண்டு நிமிடக் கேள்வி என்றுதான் அந்த வீட்டில் நினைத்தார்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை அது தீரவில்லை.

முதலில் வந்தது ஒரு பரிசு. அலுவலகத்துத் தோழிகள் காசு சேர்த்து வாங்கியது. பார்க்க அவ்வளவு அழகு: பஞ்சு வைத்துத் தைத்த ஆழமான பை, ஓரமெல்லாம் எலாஸ்டிக், தோளுக்கு ஒரே பட்டை. பிள்ளையை அதற்குள் படுக்கவைத்தால் உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும், உடனே தூங்கியும் விடும். அம்மாவின் வயிற்றில் இருந்த மாதிரியே இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். தாய்சேய் கிளினிக்கில் எடை பார்க்கப் போன அன்று, வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்த மிஸி (நர்ஸ்) ஒருவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டு விரலைப் பிள்ளையின் தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையில் விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. பிள்ளையை அப்படியே வெளியே தூக்கி, நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

பிறந்த குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கழுத்தில் பலம் கிடையாது. பையின் வளைவில் கிடக்கும்போது தலை முன்பக்கம் சாய்ந்து தாடை நெஞ்சில் போய் ஒட்டும். குழந்தையின் மூச்சுக்குழாய் குளிர்பானக் கடை உறிஞ்சுகுழல் போன்றது. மெல்லியது, மடித்தால் அடைபடும். பெரியவர்கள் என்றால் திணறுவார்கள், கையை உதறுவார்கள். மூன்று மாதப் பிள்ளைக்கு அந்தத் தெம்பு இல்லை. சத்தமே வராது. துணி மூக்கில் அழுந்தினாலும் இதே கதைதான். பிள்ளை தூங்குகிறது என்று அம்மா நிம்மதியாக நடந்துகொண்டிருப்பார்.

மிஸி சொன்னது பூச்சாண்டி இல்லை. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதே எச்சரிக்கையை நாடு முழுக்க விடுத்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் இப்படிப்பட்ட தோள் தூளிகளோடு தொடர்புடைய குறைந்தது 14 சாவுகளை அது கணக்கில் எடுத்திருந்தது. அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதம் நிரம்பாதவர்கள். அதே மாதக் கடைசியில் பை மாதிரித் தூளிகள் பத்து லட்சத்துக்கும் மேல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. எடை குறைந்து பிறந்த குழந்தை, மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை, சளி பிடித்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதிலும் கட்ட வேண்டாம் என்றும் அப்போது சொன்னார்கள். அந்தப் பரிசுப் பை அன்றே அலமாரிக்குப் போனது. தோழிகளிடம் காரணத்தைச் சொல்லப் பிள்ளையின் அம்மாவுக்கு மனம் வரவில்லை. துவைக்கப் போட்டிருப்பதாகவே வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே 2010-ல் பிரிட்டனில் தூளி செய்கிறவர்களும் விற்கிறவர்களும் கூடி ஐந்து சோதனைகளை வகுத்தார்கள். இன்று உலகம் முழுக்க அவற்றைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளை நம் உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். குனியாமலே, துணியை விலக்காமலே முகம் தெரிய வேண்டும். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் பிள்ளையின் உச்சியில் முத்தமிட முடிய வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரல் போக வேண்டும். முதுகு தொய்யாமல் தாங்கல் இருக்க வேண்டும். இவற்றில் விலையைப் பற்றி ஒரு சொல் கிடையாது, பிராண்டைப் பற்றியும் கிடையாது. மலிவான கைலியும் இதில் தேறலாம், விலை கூடிய சரக்கும் தோற்கலாம்.

கைலி என்றதும் பாட்டி நினைவுக்கு வருகிறார். அந்தப் பெண்ணின் அம்மாவைப் பெற்றவர். சுங்கை பட்டாணிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியும் முன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும் என்பதால், தூங்குகிற பிள்ளையை இருட்டிலேயே தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டாயில் விட்டுவிட்டுத்தான் நிரைக்குப் போவார்களாம். கொட்டாயின் குறுக்குச் சட்டத்தில் வரிசையாகக் கைலித் தொட்டில்கள் தொங்கும். ஒன்றில் அழுகை கிளம்பினால் ஆயா காலால் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவாராம். மத்தியானம் ரப்பர் பாலை எடைபோட்டுவிட்டு வந்து பிள்ளையை எடுக்கும்போது மார்பில் பால் கட்டிக் கல்லாகியிருக்கும் என்று பாட்டி இன்றைக்கும் முகம் சுளித்துத்தான் சொல்வார்.

தோட்டத்திலிருந்து லயத்துக்கு நடக்கும்போதும், சாயங்காலம் விறகு பொறுக்கும்போதும் பிள்ளை பாட்டியின் இடுப்பில் இருந்தது. மூட்டிய பாத்திக் கைலியை ஒரு தோளில் மாலை போலக் குறுக்கே போட்டு, மறுபக்கம் இடுப்பில் பிள்ளையை உட்காரவைத்து, துணியை முதுகு முழுக்க இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. முடிச்சு கிடையாது, வளையம் கிடையாது. பக்கத்து மலாய்க் குடும்பங்கள் மூட்டாத பாத்திக் துணியைத் தோளில் முடிந்து கட்டுவதும் ஏறக்குறைய இதே வித்தைதான். பேத்தி ஆசையாக, “எனக்கும் இப்பவே கட்டிவிடுங்க பாட்டி” என்றபோது பாட்டி பிள்ளையின் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே போடாகப் போட்டார்: “தல நிக்காத புள்ளைய இடுப்புல வைக்கக் கூடாதுடி. இன்னும் ரெண்டு மாசம் போவட்டும்.” வாஷிங்டனில் ஆணையம் அறிக்கை எழுதுவதற்கு எத்தனையோ காலம் முன்பே தோட்டத்தில் இந்தச் சட்டம் அமலில் இருந்திருக்கிறது.

பாட்டிக்கு எதிர்க்கட்சி மாமியார். அவருடைய கவலை கழுத்து இல்லை, கால். “காலை விரிச்சே வச்சிருந்தா நாளைக்கு வளைஞ்சி போயிடும்மா, பொம்பளப் புள்ள” என்பார். நம் வீடுகளில் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள். உண்மையில் எல்லாக் குழந்தையின் காலும் பிறக்கும்போதே கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். நடக்கப் பழகி இரண்டு, மூன்று வயதுக்குள் பெரும்பாலும் தானாக நிமிர்ந்துவிடும். தூளிக்கு அதில் பங்கு இல்லை. எலும்பு மருத்துவர்கள் பயப்படுவது இதற்கு நேர் எதிரானதைப் பார்த்து: காலை நேராக நீட்டி இறுக்கிக் கட்டுவது.

ஜப்பானில் ஒரு காலத்தில் குழந்தையின் காலை நீட்டித் துணியில் சுற்றும் பழக்கம் இருந்தது. பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்றரை வரை இடுப்பு மூட்டு நழுவியிருந்தது. 1970-களின் நடுவில், காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியபின் அந்த விகிதம் 0.2-க்கும் கீழே போனது. மலாவி நாட்டில் அம்மாக்கள் பிள்ளையை முதுகில் கால் விரித்துக் கட்டுகிறார்கள். அங்கே ஒரு மருத்துவமனையின் பத்து ஆண்டுக் கணக்கை எடுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சைக்கு வந்த 40,683 குழந்தைகளில் இந்த இடுப்புக் கோளாறுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டது ஒன்றுகூட இல்லை. பிட்டம் தாழ்ந்து, முட்டி அதற்கு மேலே உயர்ந்து, தொடை முழுக்கத் துணி தாங்க, தவளை மாதிரி உட்கார்ந்திருக்கும் நிலைதான் மூட்டுக்கு நல்லது. கவட்டைக்கு நடுவில் ஒரு குறுகிய பட்டை மட்டும் வைத்துக் கால் இரண்டும் தொங்கும் மலிவுச் சரக்கை எடைபோட இது ஒன்றே போதும். மாமியார் ஜப்பானை நம்பவில்லை. ஆனால் கிளினிக் மிஸி சொன்னார் என்றதும் ஒப்புக்கொண்டார். சீருடைக்கு உள்ள மதிப்பு ஆய்வுக்கு இல்லை.

அதே மாடியில் ஒரு சீன ஆன்ட்டி. கோப்பிக் கடைச் சமையல்கட்டில் வேலை செய்துகொண்டே மூன்று பிள்ளைகளை முதுகில் வளர்த்தவர். பீரோவிலிருந்து அவர் எடுத்துக் காட்டியது ஒரு சிவப்புச் சதுரத் துணி. நான்கு மூலையிலும் நீளமான பட்டை, நடுவில் மங்கிப்போன பூ வேலைப்பாடு. கீழ்ப்பட்டை இரண்டும் இடுப்புக்கு, மேல்பட்டை இரண்டும் தோள் வழியாக வந்து குறுக்காகப் போய் முடிச்சுக்கு. பாரம் இரண்டு தோளிலும் சமமாக இறங்கும், கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும். இன்றைக்கு வெளிநாட்டுக் கடைகளில் மெய் தாய் என்று விற்பது இதன் பேத்திதான். கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் பிள்ளையை முன்னால் கட்டலாமா என்று ஆன்ட்டி கேட்டார். நியாயமான கேள்வி. முதுகில் கட்டினால் மூக்கு நம் கண்ணில் படாதே என்ற நியாயம் எதிரே நின்றது. கழுத்து நன்றாக நின்று, பிள்ளை தானாக உட்காரும் காலத்துக்குத்தான் முதுகு என்று ஆன்ட்டியும் பிள்ளையின் அம்மாவும் சமரசத்துக்கு வந்தார்கள். அப்போதும் அடுப்படிக்கு எந்தத் தூளியும் வேண்டாம் என்பது அம்மாவின் கட்சி.

மேற்கத்தியர்கள் இதையெல்லாம் கண்டுபிடித்ததாகச் சொல்லும் கதைகள் சுவாரசியமானவை. ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ் 1960-களில் டோகோ நாட்டில் தொண்டு செய்யப் போய், அங்கே முதுகில் சொகுசாகத் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து தன் அம்மாவிடம் சொல்லித் தைத்ததுதான் ஸ்னக்லி. 1969-ல் காப்புரிமை வாங்கினார். ஜெர்மனியில் இரட்டைப் பிள்ளை பெற்ற எரிக்கா ஹாஃப்மன் மெக்சிகோத் துணியில் கட்டிப் பழகி 1972-ல் டிடிமோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். வளையத் தூளிக்கு ஹவாய், 1981. மெக்சிகோவும் டோகோவும் கண்டுபிடித்ததற்கு மட்டும் ஆண்டுக் கணக்கு இல்லை.

இனித் தேர்வுக்கு வருவோம். அந்தக் கணக்கெழுதும் அம்மா கடையில் வாங்குவதற்கு முன் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கிக் கட்டிப் பார்த்தார். மிகப் புத்திசாலித்தனமான காரியம் அதுதான். பொம்மையை வைத்துக் கடையில் கட்டிக்காட்டும்போது எல்லாமே பொருந்தும். பசித்த பிள்ளையை வைத்து, வேர்வை வழிய, தனியாகக் கட்டும்போதுதான் சாயம் வெளுக்கும்.

நீளமான இழுவைத் துணி முதலில் தோற்றது. ஐந்து மீட்டர் இருக்கும், பனியன் துணி மாதிரி இழுபடும். குளிர்நாட்டுக்கு அது அமிர்தம். பினாங்கில் வருஷம் முழுக்க மத்தியானம் 31, 32 டிகிரி, காற்றில் ஈரம். அம்மா உடம்புச் சூடு, பிள்ளை உடம்புச் சூடு, நடுவில் மூன்று அடுக்குத் துணி. சௌராஸ்தா சந்தையை அடைவதற்குள் இருவருக்கும் சட்டை பிழிந்தெடுக்கும்படி ஆனது. போதாக்குறைக்குக் கட்டும்போது நுனி இரண்டும் மீன் கடை ஈரத்தில் புரண்டது. தூளியையும் ஒரு சட்டையாகக் கணக்கில் எடுத்து, பிள்ளைக்கு உள்ளே மெல்லியதாக ஒன்றே ஒன்று போட வேண்டும். பிடரியைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரிந்துவிடும். கை காலைத் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும்.

பக்கிள் வைத்தது கணவருக்குப் பிடித்தது. பையை மாட்டுவது போல் மாட்டி, டக் டக் என்று இரண்டு ஓசை, முடிந்தது. மனைவிக்கோ அறுவைச் சிகிச்சைப் பிரசவம். இடுப்புப் பட்டை சரியாகத் தழும்பின் மேல் உட்கார்ந்து உறுத்தியது. பிள்ளையும் அதற்கு அப்போது சின்னது, உள்ளே அமிழ்ந்தது. எத்தனை கிலோவிலிருந்து என்று பெட்டியில் போட்டிருப்பதைப் படிக்காமல் வாங்கக் கூடாத பொருள் இது. பெயர்பெற்ற பிராண்டுகளுக்குப் போலியும் நிறைய ஓடுகிறது. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் பக்கிளையும் தையலையும் ஒருமுறைக்கு இரண்டு முறை பார்ப்பது நல்லது.

கடைசியில் நின்றது வளையத் தூளி. இரண்டு மீட்டர் கெட்டிப் பருத்தி, ஒரு முனையில் இரண்டு அலுமினிய வளையம். இடுப்புக்கு ஒன்றும் வராது, தழும்புக்கு நிம்மதி. ஓர் அடுக்குத் துணிதான், காற்று போகும். பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்திவைத்து, துணியின் கீழ் விளிம்பை இரண்டு முட்டிக்கும் பின்னால் செருகி, மேல் விளிம்பைப் பிடரிவரை ஏற்றி, பிறகு வளையத்தில் தொங்கும் வாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, விளிம்பு ஒருமுறை, நடு ஒருமுறை என்று இழுக்க வேண்டும். மொத்தமாக ஓர் இழுப்பு இழுத்தால் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்யும். முதலில் தோள் வலி உயிர் போனது. துணியைக் கயிறாகச் சுருட்டிக் கழுத்தோரம் போட்டதுதான் காரணம். தோள் உருண்டையை மூடும்படி அகலமாக விரித்து, வளையத்தைக் காறை எலும்புக்குக் கீழே வைத்ததும் பாரம் பாதியாகிவிட்டது. ஒரே தோள் என்பதால் இடையிடையே தோள் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த வீட்டில் ஓர் அழுகைக் கச்சேரி உண்டு. தூளியில் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தால் பல நாள் அடங்கியது. 1986-ல் மாண்ட்ரியலில் 99 தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அழாதபோதும் பிள்ளையைக் கூடுதலாகச் சுமந்தவர்களின் வீட்டில், ஆறாவது வாரத்தில் அழுகை நேரம் 43 சதவீதம் குறைவாக இருந்தது. மாலை, இரவு வேளையில் 51 சதவீதம். ஆனால் அதே ஆராய்ச்சியாளர்களில் ஒருவர் பிறகு வயிற்று வலிக்காரப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. எனவே தூளி கட்டியும் பிள்ளை அழுதால் அம்மாவின் கைராசியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நான்கைந்து மாதம் ஆனபின் பக்கிள் தூளி கணவரின் சொத்தாயிற்று. நெஞ்சில் பிள்ளையும் இரண்டு கையிலும் காய்கறிப் பையுமாக அவர் லெபோ பாசாரில் நடந்தால் பூக்கட்டும் அக்காமார் விடமாட்டார்கள். “என்ன தம்பி, கங்காரு மாதிரி? பொண்டாட்டி எங்க?” என்பார்கள். பிள்ளையை அப்பா தோளில் தூக்கிவைத்துத் திருவிழா காட்டலாம், நெஞ்சில் கட்டி மளிகை வாங்கினால் மட்டும் சிரிப்பு.

2024 தைப்பூசம் ஜனவரி 25. முதல்நாள் வெள்ளி ரதம் லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்து கிளம்பியபோது வழியெல்லாம் உடைந்த தேங்காய் ஓடு கண்ணாடிச்சில்லு போல் கிடந்தது. தள்ளுவண்டிச் சக்கரம் ஒரு முழம் நகராது. மறுநாள் தண்ணீர்மலை முருகன் கோவிலில், நாத்தனார் வீட்டுப் பிள்ளைக்குக் கரும்புத் தொட்டில் நேர்த்தி. கட்டிய கரும்பைக் கணவன் மனைவி இருவரும் ஆளுக்கொரு பக்கம் தோளில் தாங்கி, நடுவில் மஞ்சள் துணியில் பிள்ளை தொங்க, 513 படி ஏறினார்கள். பின்னாலேயே வளையத் தூளியில் தன் பிள்ளையோடு இந்த அம்மா. மேலே போகும்வரை நாத்தனாரின் ஒரு கை துணிக்கு அடியிலேயே இருந்தது, கண் பிள்ளையின் முகத்தை விட்டு அகலவில்லை. ஐந்து படிக்கு ஒருமுறை துணியை விலக்கி மூக்கைப் பார்த்துக்கொண்டார். துணியில் படுத்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் காவல் வேண்டும். இரண்டு பெரியவர்கள் இருந்தால் கொடுக்கலாம். தனியாகச் சந்தைக்குப் போகிற அம்மாவால் முடியாது, அதனால்தான் நிமிர்த்திக் கட்டச் சொல்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள் பாக்கி இருக்கிறது. ஜாலான் டத்தோ கெராமாட்டில் மாலை நேரம் நின்று பார்த்தால், தூளியில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகும் ஒரு குடும்பமாவது கண்ணில் படும். தூளி நடக்கிறவர்களுக்கானது. வண்டி சாய்ந்தால் பிள்ளையின் மேல் விழுவது முதலில் நம் உடம்புதான். காரிலும் அப்படியே: 2020 ஜனவரி 1 முதல் குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம், தூளி அதற்கு ஈடாகாது. காரில் ஏறும்போது அவிழ்த்து இருக்கையில் உட்காரவையுங்கள். மோட்டார் சைக்கிளில் மட்டும், தயவுசெய்து, கட்டிக்கொண்டு ஏறாதீர்கள்.